'போனைக் காட்டு': யாங்கூனில் கைபேசியைக் காப்பது எப்படி?

மியான்மரின் யாங்கூன் தெருக்களில் 2021 பிப்ரவரிக்குப் பிறகு ஒரு சோதனை வழக்கமாகிவிட்டது. ராணுவத்தினரோ போலீஸாரோ வழிமறிக்கிறார்கள். அடையாள அட்டையைப் பார்த்த கையோடு கைபேசியைக் கேட்கிறார்கள். பூட்டைத் திறந்து கொடுக்க வேண்டும். கேலரியில் என்ன படங்கள், பேஸ்புக்கில் எதற்கு லைக், முடக்கிய தளங்களைத் திறக்க உதவும் வி.பி.என். செயலி ஏதாவது இருக்கிறதா என்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். ஒரு படத்துக்காக, ஒரு பதிவுக்காகக் கைதானவர்கள் அங்கே பலர்.

கைபேசிப் பாதுகாப்பு பற்றி நாம் வழக்கமாகப் படிக்கும் ஆலோசனைகள் திருடனை மனதில் வைத்து எழுதப்படுபவை. நல்ல பூட்டு போடுங்கள், தொலைந்தால் தூரத்திலிருந்தே அழியுங்கள் என்று அவை சொல்கின்றன. அவை தேவைதான். ஆனால் யாங்கூனில் கைபேசியைக் கேட்பவர் துப்பாக்கியுடன் நிற்கிறார். உரிமையாளரே பூட்டைத் திறந்து கொடுக்க வேண்டிய நிலை. அந்த நேரத்தில் பூட்டு எவ்வளவு வலுவானது என்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்பதே ஆளைக் காப்பாற்றும். அங்கே வாழும் எல்லோருக்கும் இது பொருந்தும். 1871இல் தமிழர்கள் கட்டிய ஸ்ரீகாளி கோயில் நிற்கும் அனவ்ரதா சாலையைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் நம் உறவுகளுக்கும், அவர்களோடு தினமும் பேசும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் பொருந்தும்.

சட்டம் சுருக்கிய வலை

2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த சில நாட்களில் பேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம் முடக்கப்பட்டன. பிப்ரவரி 14இல் தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அச்சம் விளைவிப்பது, பொய்ச்செய்தி பரப்புவது என்ற பெயரில் 3 ஆண்டு வரை சிறைக்கு அது வழிவிட்டது. மறுநாளிலிருந்து நள்ளிரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் நின்றது. மார்ச் 15இல் கைபேசி இணையம் முழுதாகத் துண்டிக்கப்பட்டது. பின்னர் அது திரும்பியபோதும் தடைகள் தொடர்ந்தன. தடைகளைத் தாண்ட மக்கள் வி.பி.என்.னை நாடினார்கள்; 2024 மே மாத இறுதியில் அவற்றையும் முடக்கத் தொடங்கினார்கள்.

2025 ஜனவரி 1இல் சைபர் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதே ஆண்டு ஜூலை 30 முதல் நடைமுறைக்கு வந்தது. அனுமதியின்றி வி.பி.என். அமைத்தாலோ, அந்தச் சேவையை வழங்கினாலோ ஒரு மாதம் முதல் 6 மாதம் வரை சிறை; 10 லட்சம் முதல் 1 கோடி கியாட் வரை அபராதம். வெறுமனே பயன்படுத்துபவரைப் பற்றிச் சட்டம் தெளிவாகப் பேசவில்லை. ஆனால் தெருவில் சோதிப்பவர் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தச் செயலி கண்ணில் பட்டதே கைதுக்கும் கையூட்டுக்கும் காரணமான சம்பவங்கள் பல.

தானாகச் சேரும் ஆபத்து

இந்த நிலையில் முதலில் மாற்ற வேண்டியது, யாரும் கவனிக்காத ஒரு சின்ன செட்டிங்: படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வைபரிலும் யாரோ அனுப்பும் படம் நாம் தொடாமலே போனில் இறங்கும். பல நேரம் கேலரியிலும் போய் உட்காரும். நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஒருவர் போட்ட ஊர்வலப் படம் நாற்பது கேலரிகளில் இருக்கக்கூடும். அதைப் பார்க்காதவரும் அதற்குப் பதில் சொல்ல நேரும். ஒவ்வொரு செயலியின் செட்டிங்ஸிலும் 'மீடியா ஆட்டோ டவுன்லோடு' என்பதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப்பில் 'மீடியா விசிபிலிட்டி'யையும் அணைத்துவிட்டால் வரும் படம் கேலரிக்குப் போகாது.

அடுத்தது, அழித்ததாக நாம் நினைப்பவை. கேலரியில் அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. ஐபோனில் 30 நாள் வரை 'சமீபத்தில் அழித்தவை' என்ற பகுதியில் கிடக்கும். கூகுள் போட்டோஸில் மேகக் கணக்கில் ஏறிய படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். அந்தத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். பிரவுசரின் தேடல் வரலாறு, யூடியூபில் பார்த்தவற்றின் வரலாறு, கூகுள் மேப்ஸ் 'டைம்லைன்' சேர்த்து வைக்கும் போக்குவரத்துத் தடம் ஆகியவற்றையும் நிறுத்தி வைக்கலாம். கீபோர்டும் நாம் அடிக்கடி தட்டும் பெயர்களை நினைவில் வைத்துத் தானே எடுத்துக் கொடுக்கும். அது கற்றுக்கொண்ட சொற்களை அதன் செட்டிங்ஸில் அழிக்க வழி உண்டு.

உரையாடல்களுக்கு 'மறையும் செய்திகள்' வசதியைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் நினைவாக அழிக்கும் வேலை குறையும். சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் புதிதாகத் தொடங்கும் உரையாடல்களுக்கு இதைப் பொதுவாக அமைக்கலாம். டெலிகிராமைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அதன் சாதாரண உரையாடல், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி மறைகுறியாக்கப்பட்டதல்ல. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

ஆண்ட்ராய்டு 15இல் வந்த 'பிரைவேட் ஸ்பேஸ்', சாம்சங்கின் 'செக்யூர் ஃபோல்டர்', ஐ.ஓ.எஸ். 18இல் வந்த மறைக்கப்பட்ட செயலிகள் ஆகிய மூன்றும் திருடனுக்கும், போனைப் புரட்டிப் பார்க்கும் தெரிந்தவர்களுக்கும் எதிராக நன்றாகவே உதவும். சோதனைச் சாவடியில் இவற்றை நம்ப முடியாது. மறைத்து வைத்தது தெரிந்துவிட்டால், மறைத்ததே குற்றச்சாட்டாகும். எனவே யாங்கூனில் பலர் எடுத்த முடிவு எளிமையானது: வெளியே போகும்போது வேறொரு போன். அதில் வீட்டு எண்கள், பணச் செயலி, குடும்பப் படங்கள் மட்டும். இரண்டாவது போனுக்கு வசதி இல்லாதவர்கள், இருக்கும் ஒன்றையே அப்படி வைத்துக்கொள்ளலாம். முழுக்கத் துடைத்த வெற்று போனும் சந்தேகம் எழுப்பும். அன்றாட வாழ்க்கையின் தடம் அதில் இருக்கட்டும்.

பூட்டுக்கும் வேலை உண்டு

திருட்டு, தொலைவது, போனைப் பறித்துக்கொண்டு போய் அலுவலகத்தில் துருவுவது ஆகியவற்றுக்கு எதிராகப் பூட்டு வலுவாக இருக்க வேண்டும். 4 இலக்கப் பின் நம்பரில் 10,000 வாய்ப்புகள். 6 இலக்கத்தில் 10 லட்சம். பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம். கோடு இழுத்துத் திறக்கும் பேட்டர்னைப் பக்கத்தில் இருப்பவர் ஒரே பார்வையில் கற்றுக்கொள்வார்.

கைரேகையும் முகமும் வசதியானவை. ஆனால் ஒருவரின் விரலைப் பிடித்துப் போனில் வைத்துவிட முடியும். ஆண்ட்ராய்டில் பவர் பட்டன் மெனுவில் 'லாக்டவுன்' என்பதைத் தட்டினால், பின் நம்பர் போடும்வரை கைரேகை வேலை செய்யாது. சில போன்களில் இதை செட்டிங்ஸில் முதலில் இயக்கி வைக்க வேண்டும். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் இதே பலன் கிடைக்கும். போனை அணைத்துவிடுவது இன்னும் நல்லது. அணைத்து எழுப்பிய போனில், ஒரு முறை பின் நம்பர் போடும்வரை உள்ளிருப்பவற்றில் பெரும்பகுதி மறைகுறியாகவே கிடக்கும். துருவும் கருவிகளுக்கு அது கடினமான நிலை.

அந்தக் கருவிகள் கற்பனை அல்ல. ரோஹிங்கியா படுகொலையைப் புலனாய்வு செய்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் 2017 டிசம்பர் 12இல் யாங்கூனில் கைதானார்கள். அவர்களுடைய கைபேசிகளிலிருந்து தகவல் எடுக்க இஸ்ரேலிய நிறுவனமான செலிபிரைட்டின் கருவி பயன்பட்டது. இருவருக்கும் 7 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 500 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்து 2019 மே 7இல் விடுதலையானார்கள். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் மென்பொருளின் ஓட்டைகள் வழியாக நுழைகின்றன. ஆகவே பாதுகாப்பு அப்டேட் வந்தால் அன்றே போடுங்கள். அப்டேட் நின்றுபோன பழைய போனில் ரகசியம் எதையும் வைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு செட்டிங்ஸ். பூட்டிய திரையிலேயே செய்தியின் வரிகள் தெரிவதை நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் யார் என்ன அனுப்பினார் என்பது பூட்டைத் திறக்காமலே தெரிந்துவிடும். பழுதுபார்க்கக் கடையில் கொடுப்பதற்கு முன், சாம்சங், பிக்சல் போன்களில் உள்ள பழுதுபார்ப்பு முறையை இயக்குங்கள். உங்கள் தகவல் எதையும் காட்டாமல் போன் வேலை செய்யும்.

கடைக்காரர் திறந்த கணக்கு

மியான்மரில் ஒரு தலைமுறைக்கு முன் சிம் கார்டே ஆடம்பரம். ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோன சிம், 2013இல் குலுக்கல் முறையில் 1,500 கியாட்டுக்குக் கிடைத்தது. 2014இல் கைபேசி நிறுவனங்களான ஊரிடூவும் டெலினாரும் சேவை தொடங்கியதும் ஊரெல்லாம் பரவியது. டேட்டா விலை கட்டுப்படியாகாத காலத்தில் போன் கடைக்காரரே செயலிகளை ஏற்றிக் கொடுத்தார். பேஸ்புக் கணக்கையும் தாமே ஒரு மின்னஞ்சல் உருவாக்கித் திறந்து கொடுத்தார். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், உரிமையாளருக்குத் தெரியாது. அப்படித் திறந்த கணக்கு உங்களுடையது என்றால், போனில் அது திறந்திருக்கும்போதே மின்னஞ்சலையும் எண்ணையும் பாஸ்வேர்டையும் உங்களுடையதாக மாற்றிவிடுங்கள்.

சிம்மும் அப்படித்தான். வேறொருவர் அடையாள அட்டையில் பதிந்த சிம்மைப் பயன்படுத்துபவர் இன்னும் உண்டு. அது தொலைந்தால் அதே எண்ணைத் திரும்பப் பெறுவது கடினம். அந்த எண்ணோடு கட்டிய கே.பி.இசட். பே, வேவ் பே கணக்கில் உள்ள பணமும் சிக்கிக்கொள்ளும். பணச் செயலியின் பின் நம்பரும் போன் பூட்டின் பின் நம்பரும் ஒன்றாக இருக்கக்கூடாது. சிம்முக்கே தனிப் பின் போடும் வசதி உண்டு. போட்டால், திருடியவர் வேறு போனில் செருகி ஓ.டி.பி. வாங்க முடியாது. ஆனால் மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், திறக்க நிறுவனம் தரும் எண் வேண்டும். எனவே சிம் உங்கள் பெயரில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

எஸ்.எம்.எஸ். நம்பகமான வழி அல்ல. இடைமறிப்புக் கருவியை இயக்கச் சொல்லி வந்த அழுத்தத்தையே தன் மியான்மர் தொழிலை விற்பதற்குக் காரணமாக டெலினார் 2021இல் சொன்னது. விற்பனை 2022இல் முடிந்து அந்த நிறுவனம் இன்று ஆட்டம் என்ற பெயரில் இயங்குகிறது. ஆகவே கூகுள், பேஸ்புக் கணக்குகளுக்கு எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.க்குப் பதில் 'ஆதென்டிகேட்டர்' செயலியைச் சேருங்கள். இணையம் துண்டிக்கப்பட்ட நாளிலும் அது எண்ணைக் கொடுக்கும். அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

செயலிகளைக் கைமாற்றும் பழக்கமும் ஆபத்தானது. கோப்புகளைப் பகிரும் ஜாப்யா செயலி வழியாகவும் டெலிகிராம் குழுக்கள் வழியாகவும், செயலிகளை நிறுவும் ஏ.பி.கே. கோப்புகள் சுற்றுகின்றன. வி.பி.என். என்று பெயர் போட்டு வரும் கோப்பு உளவுச் செயலியாக இருக்கக்கூடும். செட்டிங்ஸில் 'அன்னோன் ஆப்ஸ்' அனுமதியை எல்லாச் செயலிகளுக்கும் அணைத்துவிட்டு, பிளே ஸ்டோரோடு நின்றுகொள்ளுங்கள்.

எழுத்தும் மின்சாரமும்

மியான்மரில் பர்மிய எழுத்துருவே ஒரு செட்டிங் பிரச்சினை. பழைய ஜாஜியும் உலகத் தரமான யூனிகோடும் ஒன்றையொன்று சிதைக்கும். 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறியது. பழைய போனில் மொழி இன்னும் ஜாஜியில் இருந்தால் மாற்றிவிடுங்கள். வங்கிச் செய்தி சிதைந்து வந்தால் மோசடிச் செய்தியைப் பிரித்தறிய முடியாது. மணிக்கணக்கில் மின்வெட்டு உள்ள ஊரில் பேட்டரி சேமிப்பை 30 சதவீதத்திலேயே தானாக இயங்கும்படி வைப்பது நல்லது. 2025 மார்ச் 28 நிலநடுக்கம் கற்றுத்தந்தபடி, ரத்தப் பிரிவையும் ஓர் உறவினர் எண்ணையும் அவசரத் தகவலில் பதிந்து வையுங்கள்.

நம் பக்கம் உள்ள பொறுப்பு

போனைக் கொடுக்க மறுத்து நிற்கச் சொல்லி யாருக்கும் நான் அறிவுரை சொல்லமாட்டேன். எந்தத் தகவலும் உயிருக்கு ஈடல்ல. சோதனைக்கு முன் வீட்டில் உட்கார்ந்து செய்யும் அரை மணி நேர வேலைதான் பலன் தரும்.

அந்த வேலையில் பாதி, வெளியே இருக்கும் நம்முடையது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் யாங்கூன் உறவினருக்கு மியான்மர் அரசியல் வீடியோவை, ராணுவத்தைக் கிண்டல் செய்யும் படத்தை அனுப்புபவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார். அங்கே அது ஒருவரின் கேலரியில் போய் உட்காருகிறது. பேஸ்புக்கில் அவர்களை டேக் செய்வதும், 'அங்கே நிலைமை எப்படி?' என்று பொதுவில் கேட்பதும் அதே ஆபத்துதான். அனுப்பத் தோன்றினாலும் அனுப்பாதீர்கள். கேட்கத் தோன்றினால் அவர்கள் அழைக்கும்போது பேச்சில் கேளுங்கள். இதுவரை அனுப்பியவற்றில் செயலி அனுமதிப்பவற்றை இரு பக்கமும் அழியும்படி இன்றே அழித்துவிடுங்கள்; மற்றவற்றை அவர்களே அழிக்கும்படி பேச்சில் சொல்லுங்கள்.