ஊரின் நடு எங்கே இருக்கிறது?

வெளிநாட்டு ஊர் ஒன்றில் தங்க விடுதி தேடும்போது முதலில் கண்ணில் படுவது வாடகை, அடுத்தது நட்சத்திரம், மூன்றாவது ஒரு சிறு வரி: ‘மையத்திலிருந்து 900 மீட்டர்.’ முதல் இரண்டையும் நாலு விடுதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மூன்றாவதை அப்படியே நம்பிவிடுகிறோம். எது மையம்? அதைக் குறித்தது யார்? அந்த 900 மீட்டர் வரைபடத்தில் கோடு போட்டு அளந்ததா, பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டியதா?

பாரிசில் நோத்ர்தாம் தேவாலயத்தின் முன்முற்றத்தில் 1924இல் பதித்த வெண்கலத் தகடு ஒன்று இருக்கிறது. பாரிசிலிருந்து மற்ற ஊர்களுக்கான சாலைத் தூரத்தை அதிலிருந்துதான் அளக்கிறார்கள். ஆனால் அது சாலைகளின் தொடக்கப் புள்ளி. ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவரின் மையம் வேறு. அதைக் கண்டுபிடிக்க ஆறும் குன்றும் கணிதமும் தெரிய வேண்டும். பிரான்சின் பெரிய நகரங்களுள் ஒன்றான லியோனை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.

லியோனில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஆல்ப்ஸ் மலையின் பனி உருகி, ஜெனீவா ஏரி வழியாக வருவது ரோன். வடக்கேயிருந்து சமவெளியில் நிதானமாக இறங்கி வருவது சோன். இரண்டும் சேருவதற்கு முன், நடுவில் ஒரு நீண்ட நிலப்பட்டை கிடக்கிறது. அதன் பெயர் ப்ரெஸ்கீல். சோனுக்கு மேற்கே ஃபூர்வியேர் குன்று. நிலப்பட்டையின் வடக்கே பட்டு நெசவாளர்கள் குடியிருந்த குருவா-ரூஸ் குன்று. ரோனுக்குக் கிழக்கே பரந்த சமவெளி, அதில் பார்-தியூ ரயில் நிலையம். ‘மையத்தில் இருக்கிறோம்’ என்று சொல்லிக்கொள்ளும் விடுதிகள் இந்தப் பகுதிகளில் பலவற்றிலும் உண்டு. அவற்றில் எதுவும் பொய் சொல்லவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்த ஊரின் மையம் உண்மையாகவே ஒவ்வோர் இடமாக நகர்ந்து வந்திருக்கிறது.

முதல் மையம் குன்றின் மேல். கி.மு. 43இல் முனாத்தியுஸ் பிளாங்குஸ் என்ற ரோமானியத் தளபதி ஃபூர்வியேரில் ஊரை நிறுவினார். உயரம் பாதுகாப்புக்கு நல்லது, தண்ணீருக்கு ஆகாது. அதற்காக ரோமானியப் பொறியாளர்கள் நான்கு நீர்வழிகளைக் கட்டினார்கள். அவற்றில் நீளமான ழியே நீர்வழி சுமார் 85 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து வந்து தண்ணீர் சேர்த்தது. குறுக்கே ஆழமான பள்ளத்தாக்கு வந்தால் ஈயக் குழாய்களில் தண்ணீரைக் கீழே இறக்கி எதிர்ச்சரிவில் ஏற்றினார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கப் பிடிக்கும் தண்ணீர்க் குழாயில் இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்பதைப் போல, பள்ளத்தில் இறங்கிய நீர் ஏறக்குறைய பழைய உயரத்துக்கே வந்து சேர்ந்தது. எந்திரம் எதுவும் இல்லாமல் குன்றின் உச்சியில் குளியல் மண்டபங்கள் நடந்தன. பேரரசு தளர்ந்து, பராமரிப்பார் இல்லாமல் நீர்வழிகள் பாழானபின், மக்கள் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு இறங்கினார்கள்.

இறங்கியவர்கள் சோன் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். இரண்டு ஆறுகளில் ஏன் சோன்? விடை நீரோட்டத்தில் இருக்கிறது. சோன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக ஓடுகிறது என்று ஜூலியஸ் சீசரே தன் போர்க்குறிப்பில் எழுதிவைத்தார். அப்படிப்பட்ட ஆற்றில் படகு விடுவதும் பாலம் கட்டுவதும் எளிது. ரோன் வேகமானது, வெள்ளம் வந்தால் கரையைத் தின்பது. அதனால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை லியோனில் ரோனைக் கடக்கப் பல நூற்றாண்டுகளாக ஒரே ஒரு பாலம்தான் இருந்தது, கியோத்தியேர் பாலம். ஊர் மேற்குக் கரையில் சோனை ஒட்டியே தடித்தது. வணிகச் சந்தைகளும் வங்கியாளர்களும் பட்டும் வந்து, இன்று ‘பழைய லியோன்’ என்று அழைக்கிற பகுதி உருவானது. அது இரண்டாம் மையம்.

பிறகு ஊர் ப்ரெஸ்கீல் நிலப்பட்டைக்குப் பரவியது. அதன் நடுவில் சுமார் 6 ஹெக்டேர் பரப்புள்ள பெல்கூர் சதுக்கம், வட முனையில் நகர மன்றம் இருக்கும் தெரோ சதுக்கம், இரண்டையும் இணைக்க 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய சந்துகளை இடித்து வெட்டிய நேரான ரெப்யூப்ளிக் தெரு. இது மூன்றாம் மையம். 1981இல் பாரிஸ்–லியோன் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 1983இல் பார்-தியூ நிலையம் திறந்தது. அலுவலகங்களும் கோபுரக் கட்டடங்களும் ஆற்றுக்குக் கிழக்கே குவிந்தன. இது நான்காவது. தண்ணீர், நீரோட்டம், வணிகம், ரயில் என ஒவ்வொரு காலத்தின் தேவையும் ஊரின் நடுவைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. முதல் மூன்றும் சேர்ந்த பழைய நகரத்தை யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரி, இதில் நம் மையம் எது? முதலில் தூரத்தைத் திருத்திக்கொள்வோம். திரையில் காட்டும் தூரம் பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம். சமதளத்தில் மனிதர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர் நடப்பார். அந்தக் கணக்கில் பெல்கூரிலிருந்து ஃபூர்வியேர் தேவாலயம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவே ஓர் ஆறு இருக்கிறது, அதைப் பாலம் உள்ள இடத்தில்தான் தாண்ட முடியும். அதற்குமேல் 100 மீட்டருக்கும் அதிகமான ஏற்றம். மலையேற்றக்காரர்கள் இன்றும் பயன்படுத்தும் ஒரு விதியை 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்தார்: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் குன்றின் மேலுள்ள விடுதி, வரைபடத்தில் தெரிவதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது. லியோன்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நகருக்குள் ஆட்களை ஏற்றிச்செல்லும் கம்பிவட இழுவை ரயிலை உலகிலேயே முதலில், 1862இல், குருவா-ரூஸ் குன்றுக்கு அமைத்தவர்கள் அவர்கள். இன்றும் பழைய லியோனிலிருந்து ஃபூர்வியேர் உச்சிக்கு அத்தகைய ரயில் ஓடுகிறது. குருவா-ரூஸ் ஏறும் மெட்ரோ பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது.

வரைபடம் தூரத்தைக் குறைத்துக் காட்டுவது மட்டுமல்ல, சில இடங்களில் கூட்டியும் காட்டும். பழைய லியோனின் தெருக்கள் ஆற்றுக்கு இணையாக நீண்டு கிடக்கின்றன. குறுக்குச் சந்துகள் குறைவு. அதற்கு ஊரார் கண்ட வழி, வீடுகளுக்குள்ளேயே வெட்டிய நடைபாதை. அதற்கு ‘திராபூல்’ என்று பெயர். சேன்-ழான் தெருவில் 54ஆம் எண் கதவு மற்ற வீட்டுக் கதவுகளைப் போலத்தான் இருக்கும். தள்ளித் திறந்தால் கமான் வளைந்த இருண்ட வழி. சில அடிகளில் வெளிச்சம் விழும் ஒரு முற்றம், பிறகு மறுபடி இருள், மறுபடி ஒரு முற்றம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்களைத் துளைத்துக்கொண்டு போய், அடுத்த தெருவான பெஃப் தெருவில் 27ஆம் எண் கதவில் வெளியே வருவீர்கள். இந்தப் பகுதியின் மிக நீளமான திராபூல் இது. மேலே குடும்பங்கள் குடியிருக்கின்றன. நகராட்சியும் வீட்டுக்காரர்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பகலில் பொதுமக்கள் சத்தமில்லாமல் கடந்து போகலாம்.

தூரத்தை மீட்டரில் எண்ணாமல் நிமிடத்தில் எண்ண வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அடுத்த கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. பார்க்க விரும்பும் இடங்கள் மூன்று, நான்கு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மொத்த நடை மிகக் குறைவாக இருக்கும் புள்ளி எது? 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியைப் போட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். தூலூஸ் நகரில் நீதிமன்ற அதிகாரியாக இருந்துகொண்டே கணிதம் செய்த பியர் த ஃபெர்மா. மூன்று புள்ளிகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து தூரங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் நாலாவது புள்ளியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். காற்றழுத்தமானியைக் கண்டுபிடித்த இத்தாலியர் தோரிச்செல்லி விடை சொன்னார். அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று 120 பாகையில் விரிந்திருக்கும். முக்கோணத்தின் ஒரு மூலையே 120 பாகையோ அதற்கு மேலோ இருந்தால், அந்த மூலைதான் விடை.

இதைக் கணக்குப் போடாமல் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பலகையில் ஊரின் வரைபடத்தை ஒட்டுங்கள். போக விரும்பும் இடங்களில் துளையிடுங்கள். துளைக்கு ஒன்றாக நூல்களை இறக்கி, மேல்முனைகளை ஒரே முடிச்சாகக் கட்டுங்கள். கீழ்முனைகளில் எடை தொங்கவிடுங்கள். பலகையைப் படுக்கைவாக்கில் பிடித்து முடிச்சை விட்டுவிட்டால், அது நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். எடைகள் எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு போகப் பார்க்கும். கீழே தொங்கும் நூல் கூடக் கூட, பலகைமேல் கிடக்கும் நூல் குறையும். ஆகவே முடிச்சு நிற்கும் இடத்தில் மொத்தத் தூரம் மிகக் குறைவு. வாரின்யோன் என்ற பிரெஞ்சுக் கணிதரின் பெயரில் வழங்கும் கருவி இது. தொழிற்சாலையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு 1909இல் ஆல்பிரட் வெபர் இதே வழியில் விடை தேடினார்.

எடை என்பது அந்த இடத்துக்கு நீங்கள் போகும் தடவை. இதிலிருந்து இரண்டு வியப்பான முடிவுகள் வருகின்றன. ஒன்று, ஒரு துளையின் எடை மற்ற எல்லா எடைகளின் கூட்டுக்கும் மேலே போனால், முடிச்சு நேராக அந்தத் துளைக்கே போய்விடும். உங்கள் நடையில் பாதிக்கு மேல் பழைய லியோனுக்கு என்றால், ‘நடு’ இடம் தேட வேண்டியதில்லை, அங்கேயே தங்குவதுதான் சரி. வேலை நிமித்தமாகத் தினமும் ரயிலேறுகிறவருக்குப் பார்-தியூ மையம்.

இரண்டாவது இன்னும் அழகானது. ஒரு துளையை அதே நூலின் திசையில் எவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலும் முடிச்சு அசையாது. நூலின் இழுவிசை எடையைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்தது அல்ல. லியோனில் தங்கி ஒருநாள் அன்னசி ஏரிக்குப் போய்வர நினைத்தால், அதற்காக விடுதியைக் கிழக்கே வெகுதூரம் தள்ளத் தேவையில்லை. ரயிலேறப் போகும் பார்-தியூவின் திசையில் ஒரே ஓர் எடை, அவ்வளவுதான். பழைய லியோன், தெரோ, பார்-தியூ மூன்றுக்கும் சம எடை கொடுத்தால் முடிச்சு தெரோ சதுக்கத்துக்குச் சற்றுத் தெற்கே, ரெப்யூப்ளிக் தெருவின் வட முனையை ஒட்டி விழுகிறது. பார்-தியூ அவ்வளவு தள்ளி இருந்தும் முடிச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியவில்லை.

நூல் நேர்கோட்டில் போகும், தெரு போகாது. ஆகவே முடிச்சு விழுந்த வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, நிமிடக் கணக்கில் திருத்த வேண்டும். ஆறு குறுக்கே இருக்கும் ஊரில் பாலத்தின் முனைக்கு அருகே இருப்பது லாபம், எல்லா வழியும் அங்கேதான் குவியும். மெட்ரோ வழித்தடங்கள் இரண்டு சந்திக்கும் நிலையமும் அப்படித்தான். பெல்கூரில் A, D தடங்கள் சந்திக்கின்றன. ஆனால் பார்-தியூ B தடத்தில் இருப்பதால், அங்கிருந்து பெட்டியோடு பெல்கூருக்கு வர ஒருமுறை மாறியாக வேண்டும். நிலப்பட்டையின் தென்பகுதியிலுள்ள பெராஷ் நிலையத்தில் இறங்கினால் A தடத்தில் மாறாமல் வந்துவிடலாம். உங்கள் ரயில் எந்த நிலையத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அறை பிடிப்பது நல்லது.

ஒரு விலையும் கொடுக்க வேண்டும். எல்லார் நடையும் குறைவாக இருக்கும் இடத்தில் எல்லாரும் நடப்பார்கள், இரவிலும். திறந்தவெளியில் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒடுங்கிய தெருவில் இரு பக்கச் சுவர்களும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிப்பதால் அவ்வளவு குறையாது. மூன்றாம் மாடியிலும் பேச்சுக் குரல் தெளிவாகக் கேட்கும். தெருப் பக்கத்தை விட்டு உள்முற்றத்தைப் பார்த்த அறையைக் கேட்டு வாங்கினால், கட்டடமே தடுப்புச் சுவராகிவிடும். பிரான்சில் ஒன்று முதல் ஐந்து வரை தரும் நட்சத்திரங்கள் வசதியையும் சேவையையும் மதிப்பிடுகின்றன. அந்த விடுதி உங்கள் நடைகளுக்கு நடுவில் இருக்கிறதா என்பதை அவை சொல்லாது.

இந்த முறை லியோனோடு நிற்பதில்லை. ஸ்த்ராஸ்பூரில் பழைய நகரம், ‘இல்’ என்ற ஆறு சுற்றி வளைத்த ஒரு தீவு. அங்கே முடிச்சு தீவுக்குள்ளேயே விழும். மார்செய்யில் ஊரின் இதயம் ஓரத்தில், பழைய துறைமுகத்தில் இருக்கிறது. ஊர் கடலிலிருந்து பிறந்தது. போர்தோவில் கரோன் ஆற்றின் மேல் முதல் பாலம் வந்ததே 1822இல்தான். அதனால்தான் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பங்கு இடக்கரையிலேயே கிடக்கிறது.

அறை தேடுவதற்கு முன் ஒரு தாளில் நீங்கள் போக விரும்பும் நாலு இடங்களையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை தடவை போவீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆறு எங்கே, பாலம் எங்கே, ஏற்றம் எங்கே என்று பாருங்கள். அதன் பிறகு திரையில் வரும் ‘மையத்திலிருந்து 900 மீட்டர்’ உங்களுக்குத் தேவைப்படாது. ஊரின் நடுவை ஆறுகளும் குன்றுகளும் நூற்றாண்டுகளும் தீர்மானித்தன. அதில் உங்கள் நடுவைத் தீர்மானிப்பவை நீங்கள் வைக்கும் எடைகள்.