மரக்காளான்: பறிக்குமுன் பாருங்கள்

வாடைக் காற்றோடு மாரி தொடங்கினால் திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும். அதே மழையில் கன்னியா, தம்பலகாமம் பக்கத்துக் காடுகளிலும் வீட்டு வளவுகளிலும் விழுந்து உக்கிய மரங்களில் காளான் முளைக்கும். கறிக்கு வழியில்லாத நாளில் அது பெரிய உதவிதான். ஆனால் எது உணவு, எது நஞ்சு?

"மரத்தில் முளைத்தது நஞ்சல்ல" என்பார் சிலர். இது தவறு. உக்கிய மரத்தில் வளரும் கலெரினா என்னும் சிறு பழுப்புக் காளானால் பிற நாடுகளில் உயிர்கள் போயுள்ளன. அவித்தாலும் பொரித்தாலும் அதன் நஞ்சு நீங்காது. வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்ப்பதும் பயனற்ற சோதனைகளே.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

1. எந்த மரத்தில், தனியாகவா கூட்டமாகவா முளைத்துள்ளது?
2. குடையின் நிறம் என்ன? மேலே மயிரோ செதிலோ உண்டா?
3. அடிப்புறத்தில் இதழ்களா, நுண்துளைகளா, வழுவழுப்பா?
4. தண்டு உண்டா? அதில் வளையம் உண்டா?
5. வித்துத்தூளின் நிறம் என்ன? குடையைக் கடதாசியில் கவிழ்த்து, மேலே சிரட்டை மூடி, ஓர் இரவு வைத்தால் தூள் படியும். கலெரினாவின் தூள் துருநிறம்.

இரண்டு காளான்களை உதாரணமாகக் கொள்வோம். காது மடல் போன்று, பழுப்பு நிறத்தில், றப்பர்போல் வளைவது செவிக்காளான். அதற்கு இதழ்கள் இல்லை. வெயிலில் காய்ந்து சுருங்கும். மழை பட்டால் மீண்டும் விரியும். சீனர் இதை நெடுங்காலமாக உண்கின்றனர். சிறு விசிறி போன்று, மேலே வெண்சாம்பல் மயிரோடு, அடியில் இதழ்கள் நீளவாக்கில் பிளந்திருப்பது இன்னொன்று. வடகிழக்கு இந்தியாவில் அதைச் சமைக்கின்றனர்.

பேராதனையில் 1905ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பூஞ்சணங்களை ஆராய்ந்தவர் பெட்ச் என்னும் அறிஞர். அவர் பிஸ்பி என்பவருடன் எழுதிய பட்டியல் நூல் 1950இல்தான் வெளிவந்தது. அறிஞருக்கே இத்தனை காலம் பிடித்த வேலையை நாம் ஒரு பார்வையில் முடித்துவிட முடியுமா?

ஆகவே, ஊரில் பல்லாண்டு பறித்துச் சமைத்த மூத்தோர் நேரில் பார்த்து உறுதி சொன்னதை மட்டும் சமையுங்கள். ஓர் அடையாளம் பொருந்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள். உண்டபின் வாந்தியோ வயிற்றோட்டமோ கண்டால் மிஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஈரலைத் தாக்கும் நஞ்சு ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே குணம் காட்டும். இடையில் சுகமானது போலவும் தோன்றும். அதை நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

காடு தருவதை நன்றியோடு ஏற்போம்; அறிந்து ஏற்போம். ஒரு நேரக் கறிக்காக ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கலாகாது.