10 பாட்டில் 6 மற்றவர்களுடையது: விஜய் ஐயரின் ‘ஹிஸ்டாரிசிட்டி’ ஏன் இன்னும் புதுசா கேட்குது?

விஜய் ஐயர் என்ற பெயரைப் பார்த்ததும் வீணை, மிருதங்கம் கலந்த ஃப்யூஷன் ஆல்பம்னு நினைச்சீங்களா? அதுதான் இல்லை. 2009-ல் ஜெர்மனியின் ஏ.சி.டி நிறுவனம் வெளியிட்ட ‘ஹிஸ்டாரிசிட்டி’ முழுக்க ஜாஸ். பியானோ, பேஸ், டிரம்ஸ் அவ்வளவுதான். பாடகர்கூட கிடையாது.

யார் இவங்க?

தமிழகத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோருக்கு 1971-ல் பிறந்தவர் ஐயர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். பேஸ் வாசிப்பவர் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர்.

அப்போ இது கவர் ஆல்பமா?

முழுசா அப்படிச் சொல்ல முடியாது. தெரிந்த மெட்டை எடுத்து, வாசிக்கும்போதே புதிதாக விரிப்பது ஜாஸ் மரபு. நம்ம கச்சேரியில் மனோதர்மம் மாதிரி. ஸ்டீவி வொண்டர் பாட்டும் இதில் உண்டு, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ பாட்டும் உண்டு.

கணக்கு எங்கே வருது?

ரோனி ஃபாஸ்டரின் 1972 ட்யூன் ‘மிஸ்டிக் ப்ரூ’. ஹிப்-ஹாப் ரசிகர்களுக்கு இது ‘எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்’ பாட்டின் சாம்பிளாகத் தெரிந்திருக்கும். இதன் தாளத்தை ஃபிபொனாச்சி எண்களை வைத்து மாற்றியிருக்கிறார் ஐயர். 3, 5, 8, 13 என முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்த எண். தகிட 3, தகதகிட 5, சேர்த்தால் 8. கேட்கும்போது கணக்கு தெரியாது. கால் தட்டும்போது ஏதோ இடறுவது மட்டும் தெரியும்.

‘கலாங்’ ஏன் முக்கியம்?

இது எம்.ஐ.ஏ-வின் எலெக்ட்ரானிக் பாட்டு. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரால் மறுபடி லண்டன் போனவர் அவர். புலம்பெயர்ந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தப் பாட்டில் சந்திக்கிறார்கள். ஆனால் ‘இந்தியத் தன்மை’ காட்ட ஒரு தம்புரா சுருதிகூட இல்லை. பெயரைப் பார்த்து இசையை முடிவு செய்யும் பழக்கத்துக்கு இந்த ஆல்பத்தின் பதில் இதுதான். வேர் வாத்தியத்தில்தான் தெரியணும்னு இல்லை, தாளத்திலும் இருக்கலாம். கர்நாடக இசையின் தாக்கம் தன்னிடம் உண்டு என்பதை ஐயரே சொல்லியிருக்கிறார்.

2011 கிராமி விருதுக்கு இந்த ஆல்பம் பரிந்துரையானது.

எப்படிக் கேட்கலாம்?

முதலில் ஒரிஜினல் ‘மிஸ்டிக் ப்ரூ’. உடனே ட்ரியோ வெர்ஷன். ஹெட்ஃபோனில், பேஸை மட்டும் பின்தொடருங்க. பாட்டு எங்கே திரும்புதுன்னு பிடிபடும்.