அலைவரிசை அறிவோம் – 9: மூன்று கோணம் தெரிந்தால் படம் வரும்

செயற்கைக்கோள் ஏன் கீழே விழாமல், இடமும் மாறாமல் நிற்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் தரையில் இருக்கும் நமக்கு அது எப்போதும் வானத்தின் ஒரே இடத்தில் இருக்கிறது. 1945-ல் ஆர்தர் சி. கிளார்க் இதைக் கட்டுரையாக எழுதியபோது அது வெறும் யோசனை. இன்று நம் மொட்டைமாடிகளில் இருக்கும் ஒவ்வொரு டிஷ்ஷும் அந்தக் கணக்கை நம்பித்தான் நிற்கிறது.

செயற்கைக்கோள் இடம் மாறாவிட்டாலும் மனிதர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு வாடகை வீடு பார்க்கிறவர்கள், பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கிளம்புகிறவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள், மேம்பால வேலைக்காக மாதக்கணக்கில் தகரக் கொட்டகையில் தங்குகிறவர்கள். இவர்களில் பலர் தங்கும் இடத்துக்குக் கேபிள் வருவதில்லை. போனில் பார்க்கலாம்தான், ஆனால் ஒரு போனைக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்க்க முடியாது.

இவர்களுக்குப் பொருத்தமானது மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. டிஷ்ஷையும் பாக்ஸையும் ஒருமுறை கடையில் வாங்கிவிட்டால் அதன் பிறகு செலவு இல்லை. இந்தி சேனல்களே அதிகம் என்றாலும், 2024 ஜனவரி வரை ‘பொதிகை’யாக இருந்த டிடி தமிழ் அதில் வருகிறது. சிக்கல் ஒன்றுதான். இடம் மாறும்போதெல்லாம் டிஷ்ஷைத் திருப்பி வைக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். இந்த வேலையை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதனால் இந்த வாரம் கொஞ்சம் கைவேலை.

எங்கே இருக்கிறது?

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு ஜிசாட் 15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏரியன் 5 ராக்கெட்டில் ஏவப்பட்ட இது, 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. அதாவது அந்தமான் நிக்கோபாருக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலுக்கு நேர் மேலே. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தென்கிழக்கு வானம்.

அதைக் குறிவைக்க மூன்று கோணங்கள் வேண்டும். முதலாவது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பார்ப்பது என்ற ஏற்றக்கோணம். இரண்டாவது, வடக்கிலிருந்து வலப்புறமாக எண்ணினால் எத்தனை டிகிரி என்ற திசைக்கோணம். மூன்றாவது, டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யை எவ்வளவு சுழற்றுவது என்பது.

சென்னைக்கு ஏற்றக்கோணம் 68, திசைக்கோணம் 134. கோயம்புத்தூருக்கு 67, 123. கன்னியாகுமரிக்கு 69, 116. இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவதற்குள் திசை 18 டிகிரி மாறிவிடுகிறது. உயரமோ ஒரே ஒரு டிகிரிதான் மாறுகிறது. தமிழ்நாட்டில் எங்கே போனாலும் ஏற்றக்கோணம் 66-க்கும் 70-க்கும் இடையில்தான் இருக்கும். டெல்லியில் இதே செயற்கைக்கோள் 52 டிகிரியில் தெரியும். நமக்கு உச்சிக்கு அருகில் இருக்கிறது.

இதனால் நமக்கு இரண்டு லாபம். ஒன்று, இடம் பிடிப்பது எளிது. தென்கிழக்கில் மூன்று மீட்டர் உயரச் சுவர் இருந்தால், அதிலிருந்து ஒன்றேகால் மீட்டர் தள்ளி வைத்தாலே அலை சுவருக்கு மேலாக வந்துவிடும். பதினைந்து மீட்டர் உயரத் தென்னை இருந்தால், மட்டை விரிந்த ஓரத்திலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளினால் போதும். மாடி ஏற வேண்டியதில்லை, முற்றமே போதும். இரண்டு, திசையில் சின்னத் தவறு நேர்ந்தாலும் மன்னிப்பு உண்டு. உச்சிக்கு அருகே பார்க்கிற டிஷ்ஷைப் பக்கவாட்டில் 3 டிகிரி திருப்பினாலும், அது வானத்தில் நகர்வது ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான். ஏற்றக்கோணத்துக்கு அந்த மன்னிப்பு கிடையாது. அங்கே ஒரு டிகிரி என்றால் வானத்திலும் ஒரு டிகிரி. ஆகவே நம் ஊரில் டிஷ் வைப்பவர்கள் முதலில் உயரத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகுதான் பக்கவாட்டில் தேட வேண்டும். இதை மாற்றிச் செய்பவர்கள்தான் மணிக்கணக்கில் வெயிலில் நிற்கிறார்கள்.

சூளையில் ஒரு மாலை

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றில், கல் அறுக்க வந்திருந்த விழுப்புரத்துக் குடும்பம் இந்த வேலையைச் செய்வதை அருகில் நின்று பார்த்தேன். கோணங்களைச் சொன்னது மட்டும்தான் நான். கை முழுக்க அந்த அம்மாவுடையது.

பழைய எண்ணெய் டின் ஒன்றில் இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் செங்கல் துண்டுகளையும் மணலையும் போட்டு இறுக்கினார். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, குழாய் நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தார். இந்த வேலையில் பலரும் தவறவிடும் இடம் இது. குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்புறம் இருக்கும் டிகிரி அளவுகோல் பொய் சொல்லும். பக்கவாட்டில் திருப்பத் திருப்ப உயரமும் சேர்ந்து மாறும்.

அடுத்து, பின்புற நட்டைத் தளர்த்தி அளவுகோலில் 68 வைத்தார். “என்னாண்ணே, 68-னு வச்சும் டிஷ்ஷு இவ்ளோ நிமிந்து நிக்குது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் வீட்டு டிஷ்கள் ‘ஆஃப்செட்’ வகை. அலை நேராக அதன் முகத்தில் விழுவதில்லை. சாய்வாக விழுந்து கீழே இருக்கும் எல்.என்.பி.யில் குவிகிறது. அந்தச் சாய்வு சுமார் 25 டிகிரி. அதனால் 68 டிகிரியைப் பார்க்கும் டிஷ்ஷின் முகம், கண்ணுக்கு 43 டிகிரியைப் பார்ப்பது போலத்தான் தெரியும். அளவுகோல் இதைக் கணக்கில் எடுத்தே அச்சிடப்பட்டிருக்கும். அதை நம்பலாம்.

திசைக்குப் போனில் உள்ள திசைகாட்டி போதும். ஆனால் இரும்புக் குழாய்க்கு அருகே பிடித்தால் முள் தடுமாறும். அவர் நான்கைந்து அடி தள்ளி நின்று 134-ஐப் பார்த்து, அந்தத் திசையில் தரையில் குச்சியால் ஒரு கோடு கிழித்தார். பிறகு கோட்டின் போக்கிலேயே டிஷ்ஷைத் திருப்பினார். உள்ளே பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் மகன் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பக்கத்தில் இரண்டு பட்டைகள் இருக்கும். ‘ஸ்ட்ரெங்த்’ பட்டையை நம்ப வேண்டாம். எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே அது ஏறிவிடும். பார்க்க வேண்டியது ‘குவாலிட்டி’. சரியான செயற்கைக்கோள் கிடைக்கும்வரை அது அசையாது. டிஷ்ஷை விரலகலம் திருப்பியதும் ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். டிஜிட்டல் பாக்ஸ் அலையைப் பிடித்து அடையாளம் காண அந்த நேரம் தேவை. பரபரவென்று திருப்புகிறவர்கள் செயற்கைக்கோளைத் தாண்டிப் போய்விடுவார்கள், தாண்டியதே தெரியாது.

“வருதாடா?”

“இல்லம்மா.”

“இப்ப?”

“இல்ல... இரு இரு, ஏறுதும்மா! அங்கயே வை!”

இரண்டு டிகிரியின் விலை

60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்று வானத்தில் பார்க்கும் அகலம் சுமார் 3 டிகிரிதான். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் கிடைக்கும் சக்தி பாதியாகிவிடும். இந்தச் சின்ன அளவு எத்தனை பெரிய விஷயம் என்பதை 2010 ஜூலையில் தமிழ்நாடு பார்த்தது. இதே 93.5 டிகிரியில் அப்போது இருந்த இன்சாட் 4பி-யின் மின்சார அமைப்பில் கோளாறு ஏற்பட்டு, சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் வழியே வீடுகளுக்குச் சேனல்களை அனுப்பிவந்த சன் டைரக்ட் தன் ஒளிபரப்பை 91.5 டிகிரியில் இருந்த மீசாட் 3-க்கு மாற்றியது. இரண்டே டிகிரி வித்தியாசம். அதற்காக வீடு வீடாகக் கூரை ஏறி டிஷ்களைத் திருப்ப வேண்டியிருந்தது.

அதனால் படம் வந்தவுடன் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. குவாலிட்டி உச்சத்துக்குப் போய் இறங்கும்வரை மெல்லத் திருப்பி, பிறகு உச்சத்துக்கே திரும்ப வர வேண்டும். முதலில் பக்கவாட்டில், அடுத்து மேலும் கீழுமாக. நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுதாக முறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும். இந்தப் பொறுமைக்குப் பலன் மழை நாளில் தெரியும். இந்த அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். உச்சத்தில் நிறுத்திய டிஷ் தூறலைத் தாங்கும். அரைகுறையாக நிறுத்தியது முதல் மேகத்திலேயே கைவிடும்.

மூன்றாவது கோணம் எல்.என்.பி. செயற்கைக்கோள் தன் சேனல்களைக் கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு விதமாக அதிரும் அலைகளில் அனுப்புகிறது. எது வேண்டும் என்று 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி பாக்ஸ் எல்.என்.பி.க்குச் சொல்கிறது. நாம் செயற்கைக்கோளுக்கு நேர் வடக்கே இல்லாததால் அந்த அலைகள் நமக்குச் சாய்ந்து தெரிகின்றன. கணக்கின்படி டெல்லியில் சாய்வு 27 டிகிரி. சென்னையில் சுமார் 45. கன்னியாகுமரியில் 60-ஐத் தாண்டும். டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எல்.என்.பி.யை அந்த அளவுக்குச் சுழற்றித் தொடங்கி, குவாலிட்டியைப் பார்த்து நிறுத்துங்கள். பாதி சேனல்கள் வந்து பாதி வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இடம் சரிதானா என்று சூரியனைக் கேளுங்கள்

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்களுக்கு, காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் படம் உடைந்து மறையும். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும் நேரம் அது. சூரியனின் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அடங்கிவிடுகிறது. பழுது என்று யாரையும் கூப்பிட வேண்டாம், தானாகச் சரியாகும். அந்த நாள்களில் 11 மணிக்கு எந்த இடத்தில் மரநிழலோ சுவர்நிழலோ இல்லாமல் வெயில் விழுகிறதோ, அந்த இடத்தில் டிஷ்ஷுக்குத் தடை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

சில எச்சரிக்கைகள். குழாயைத் தூக்கும் முன் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். போனால் அந்த இடமே வேண்டாம். பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே வயரை மாட்டுங்கள், கழற்றுங்கள். வயர் முனையைச் சீவும்போது வெளிப்பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும். இடி மின்னல் நேரத்தில் டிஷ் பக்கமே போகக் கூடாது. எடை இல்லாமல் நிற்கும் டிஷ்ஷைக் காற்று சாய்த்துவிடும்; அடியில் பாரம் போடுங்கள்.

இனி ஒரு வேண்டுகோள். ஃப்ரீ டிஷ் பாக்ஸ் விற்கும் கடைக்காரர்களே, உங்கள் ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் உரிய மூன்று கோணங்களையும் ஒரு துண்டுத் தாளில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பெட்டியோடும் கொடுங்கள். வீட்டில் டிஷ் வைத்திருப்பவர்கள் அதன் முதுகில் அந்த எண்களைப் பெயிண்டால் எழுதி வையுங்கள். அடுத்த ஊரில் அதைத் தூக்கி நிறுத்தப் போகிறவர் யாராக இருந்தாலும், தேட வேண்டிய வானம் கொஞ்சம்தான் என்று அவருக்குத் தெரியட்டும்.

(அடுத்த வாரம்: எல்.என்.பி.க்குள் என்ன நடக்கிறது?)