நுரையீரலைக் காக்கும் மருந்து, காதில் காட்டும் கைவரிசை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பரம்பரை நோய். சிஎஃப்டிஆர் என்ற மரபணுவில் உள்ள பிழையால் குழந்தையின் நுரையீரலில் சளி பிசின்போலக் கெட்டிப்படும். அதில் சூடோமோனாஸ் பாக்டீரியா குடியேறிவிட்டால் லேசில் கிளம்பாது. அதை விரட்டத்தான் டோப்ராமைசின், அமிகாசின் போன்ற அமினோகிளைகோசைடு மருந்துகளை ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு வாரம். சில குழந்தைகளுக்கு ஆண்டில் பல சுற்று தேவைப்படும். உயிரைக் காக்கும் இதே மருந்துகள் காதைக் கெடுக்கவும் கூடும்.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ரத்தத்தின் வழியே வரும் மருந்து அவற்றுக்குள் புகுந்து அழிக்கிறது. அவை திரும்ப முளைப்பதில்லை. மருந்து உள்காதில் நெடுநாள் தங்குவதால், ஊசி நின்ற பிறகும் செவித்திறன் குறையலாம்.

சேதம் நத்தைக்கூட்டின் அடிச்சுற்றில், மிக உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் இடத்தில் தொடங்குகிறது. இளம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வழக்கமான செவிச் சோதனையோ 8,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அதனால் முதல் இழப்பு வீட்டிலும் தெரியாது, அந்தச் சோதனையிலும் தெரியாது. சேதம் கீழே இறங்கும்போது 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகள் நழுவும். இரைச்சலான வகுப்பில் ஆசிரியர் சொல்வது பிடிபடாது. "சொல்வதைக் கவனிப்பதே இல்லை" என்ற பழி பிள்ளைமேல் விழும்.

ஆகவே முதல் ஊசிக்கு முன்பே ஒருமுறையும், பிறகு அவ்வப்போதும் 8,000-க்கு மேற்பட்ட சுருதிகளையும் சோதிக்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு, ஒலி கேட்டுக் காது திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியை அளக்கும் கருவி இருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்துக்கொள்வார்கள்.

தாய்வழியில் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றம் ஒன்று, சரியான அளவு மருந்திலேயே காதைப் பறித்துவிடக்கூடும். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. தாய்வழி உறவில் யாருக்காவது இத்தகைய ஊசிக்குப் பிறகு காது மந்தமானதா என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கென 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை, பலருக்கு நுரையீரல் தொற்றையே குறைத்திருக்கிறது. ஆனால் எல்லா சிஎஃப்டிஆர் பிழைக்கும் அது பலிக்காது. ஏற்கெனவே இழந்த செவியையும் மீட்டுத் தராது. பயந்துபோய் ஊசியைப் பெற்றோரே நிறுத்துவது ஆபத்து. ஊசிச் சீட்டோடு செவிச் சோதனைச் சீட்டையும் கேட்டு வாங்குவதே அவர்கள் செய்யக்கூடியது.