390 கி.மீ கூட ஓடாத கார் 150 கோடி ரூபாய்! செகண்ட் ஹேண்ட் சூப்பர் காரில் ஓடோமீட்டர் சொல்வது என்ன, மறைப்பது என்ன?

'மிஸ்டர் பீன்' ரோவன் அட்கின்சனிடம் ஒரு மெக்லாரன் எஃப்1 இருந்தது. 1997-ல் சுமார் 6.4 லட்சம் பவுண்ட் கொடுத்து வாங்கினார். உலகத்திலேயே மொத்தம் 106 தான் தயாரிக்கப்பட்டன என்பதால், இந்தக் காரை வாங்கிய பலரும் ஏசி கராஜில் போர்வை போட்டு மூடி வைத்தார்கள். அட்கின்சன் ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். இரண்டு முறை இடிக்கவும் செய்தார். 2011-ல் நடந்த விபத்தில் கார் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. ரிப்பேருக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த தொகை சுமார் 9.1 லட்சம் பவுண்ட். அதாவது, கார் வாங்கிய விலையைவிட அதிகம்!

அந்த விபத்துக் கார் 2015-ல் விற்பனைக்கு வந்தபோது ஓடோமீட்டரில் 41,000 மைல், அதாவது சுமார் 66,000 கி.மீ. விற்ற விலை 80 லட்சம் பவுண்ட். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 கோடி ரூபாய்.

ஆறு வருடம் கழித்து, 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்துக்கு இன்னொரு மெக்லாரன் எஃப்1 வந்தது. 1995 மாடல். ஓடியிருந்தது வெறும் 242 மைல், 390 கி.மீ கூட இல்லை. 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போனது. நம்ம கணக்கில் 150 கோடி ரூபாய்.

இடையில் ஆறு வருடம், வேறு நாடு, வேறு கரன்சி என்பதால் இரண்டையும் அப்படியே நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. மூடி வைத்த கார் கிரீடம் சூடியது உண்மைதான். ஓட்டி, இடித்து, எரிந்து, மறுபடி கட்டப்பட்ட காரும் ஒன்றும் குப்பைக்குப் போய்விடவில்லை. அப்போ, ஓடிய தூரம் ஒரு சூப்பர் காரின் விலையை எப்படித்தான் தீர்மானிக்கிறது?

(ஒரு சின்ன விளக்கம்: நம்மூரில் 'மைலேஜ்' என்றால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று அர்த்தம். இந்தக் கட்டுரையில் பேசுவது அதைப் பற்றி அல்ல. லிட்டர் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் கடைப் பக்கமே போக மாட்டார்கள்.)

ஸ்விஃப்ட் லாஜிக் இங்கே ஏன் எடுபடாது?

ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கப் போகிறோம். 30,000 கி.மீ ஓடியதும் 90,000 கி.மீ ஓடியதும் இருந்தால், முதலாவதில் தேய்மானம் குறைவு, அதனால் விலை அதிகம். நியாயமான கணக்கு. கிலோமீட்டர் இங்கே வண்டியின் ஆரோக்கியத்தை ஓரளவு சொல்கிறது.

சூப்பர் காரில் அந்த எண் வேறு ஒன்றைச் சொல்கிறது: 'அடுத்து வாங்கப் போகிறவர் எவ்வளவு கொடுப்பார்' என்பதை. காரின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அது சொல்வது ரொம்பக் கம்மி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் பணத்தை விடுகிறார்கள்.

சூப்பர் கார்களிலும் ரெண்டு ஜாதி உண்டு. லம்போர்கினி ஹுராகான், ஃபெராரி 488, மெக்லாரன் 720எஸ் மாதிரி ஆயிரக்கணக்கில் தயாரானவை ஒன்று. இவை விலை உயர்ந்த கார்கள்தான். ஆனால் சாதாரண கார் போலவே முதல் சில வருடங்களில் விலை சரியும். இன்னொன்று, எண்ணி எண்ணித் தயாரித்தவை. மெக்லாரன் எஃப்1, 349 மட்டுமே வந்த ஃபெராரி எஃப்50, 1,270 தயாரான போர்ஷே கரேரா ஜிடி. இந்த இரண்டாவது வகையில் கார் என்பது கிட்டத்தட்ட ஓவியம். தொடாத ஓவியத்துக்கு ஒரு விலை, தொட்டதற்கு ஒரு விலை. இங்கே ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையைக் கொஞ்சம் சுரண்டும்.

முதல் வகையில் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. அதில்தான் வாங்குகிறவருக்கு வாய்ப்பும் இருக்கிறது.

5,000 மைல் காரா, 20,000 மைல் காரா?

கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களை வைத்துப் பார்ப்போம். பிரிட்டனில் ஒரே வருடம், ஒரே மாடல், இரண்டு கார்கள். ஒன்று 5,000 மைல் ஓடியது, விலை 1,50,000 பவுண்ட். இன்னொன்று 20,000 மைல், 1,25,000 பவுண்ட். நீங்கள் மூன்று வருடம் வைத்திருந்து 10,000 மைல் ஓட்டப் போகிறீர்கள்.

முதல் காரை வாங்கினால், விற்கும்போது அது 15,000 மைல் கார். 'ரொம்பக் கம்மியா ஓடினது' என்ற பட்டம் போய்விட்டது. அந்தப் பட்டத்துக்காகக் கொடுத்த காசை நீங்களே ஓட்டித் தீர்த்துவிட்டீர்கள். இரண்டாவது கார் 30,000 மைல் ஆகியிருக்கும். அதற்கும் விலை குறையும், ஆனால் அவ்வளவு செங்குத்தாக அல்ல. 'புதுசு மாதிரி' என்ற பெயருக்கான பிரீமியத்தை முதல் ஓனர்களே இழந்துவிட்டார்கள். 20,000-க்கும் 30,000-க்கும் நடுவே வாங்குகிறவர் மனதில் பெரிய வித்தியாசம் இல்லை. 2,000-க்கும் 12,000-க்கும் நடுவே மலை இருக்கிறது.

ஆகவே ஓட்டுவதற்கு வாங்குகிறவர், யாரோ ஓட்டிய காரை வாங்குவதே லாபம். வைத்திருந்து விற்க வாங்குகிறவருக்குக் கம்மி கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே நின்று, கம்மி கி.மீ காருக்குக் கூடுதல் விலை கொடுத்து, பிறகு ஒவ்வொரு ஞாயிறும் 'இன்னைக்கு எடுத்தா எவ்வளவு குறையும்?' என்று யோசிப்பவர்தான் பாவம். காரும் ஓடாது, மனசும் நிம்மதியாக இருக்காது.

நின்றே கெட்டுப்போகும் கார்

'கம்மி கி.மீ என்றால் கார் புதுசு மாதிரி இருக்குமே?' என்று கேட்கலாம். இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது.

2013 நவம்பர் 30. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் கலிஃபோர்னியாவில் ஒரு 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடியில் பயணியாக உட்கார்ந்திருந்தார். விபத்தில் அவரும் ஓட்டியவரும் இறந்தார்கள். மணிக்கு 45 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் 80 முதல் 93 மைல் வரை போனதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. கூடவே இன்னொரு தகவலும் வந்தது: டயர்களுக்கு வயது 9 வருடம். அந்த வயது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை அதிகாரிகள் குறிப்பிட்டார்கள்.

டயரில் பட்டன் நிறைய மிச்சம் இருக்கலாம். ஓடவில்லை என்றால் தேயாதுதானே? ஆனால் ரப்பர் வருடக் கணக்கில் இறுகும். சாதாரண காரில் இது பிரச்னை. 600 குதிரைத் திறன் பின் சக்கரத்துக்குப் போகும் காரில் ஆபத்து. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அதைப் பாருங்கள்.

டயர் மட்டுமல்ல. ஃபெராரி எஃப்355 என்ற 90-களின் கார் ஒன்று. பார்த்தால் இன்றைக்கும் மனசு போகும். அதன் டைமிங் பெல்ட்டை மாற்ற, இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். அந்த பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கெடு அல்ல, வருடமும் கெடு. பத்து வருடம் நின்ற, 4,000 கி.மீ மட்டும் ஓடிய எஃப்355-ன் பெல்ட், விளம்பரத்தில் 'மின்ட் கண்டிஷன்' என்று எழுதியிருந்தாலும் பத்து வருடப் பழசுதான். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு இன்ஜின் பில். (அடுத்து வந்த 360-ல் இன்ஜினை இறக்காமலே பெல்ட் மாற்றலாம். எஃப்430-ல் பெல்ட்டுக்குப் பதில் செயினே வந்துவிட்டது. பழைய ஃபெராரி தேடுகிறவர்கள் எஃப்430 பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.)

மெக்லாரன் எஃப்1-க்கு வந்தால், அதன் ரப்பர் பெட்ரோல் டேங்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கும் இன்ஜினை இறக்க வேண்டும். கார் ஓடினாலும் சரி, நின்றாலும் சரி.

ஆயில் சீல்கள் காயும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பெட்ரோல் கெட்டு பிசின் மாதிரி ஆகும். பேட்டரி சாகும். அந்தக் கால ஃபெராரிகளில் டாஷ்போர்டு பட்டன்கள் வெயிலிலும் வயதிலும் பிசுபிசுத்துப் போவது ஊரறிந்த விஷயம். அதற்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. வாரம் ஒருமுறை ஆயில் சூடாகும் அளவுக்கு ஓடிய கார், பெரும்பாலும் இதில் பாதித் தொல்லையிலிருந்து தப்பிவிடும்.

கிலோமீட்டரைவிட அதிகம் பேசும் எண்கள்

கி.மீ ஒன்று, ஆனால் ஓடிய விதம் பத்து விதம். ஹைவேயில் 30,000 கி.மீ ஓடிய காரும், மும்பை டிராஃபிக்கில் அதே தூரம் ஊர்ந்த காரும் ஒன்றா? ஆரம்பகால லம்போர்கினி கலார்டோவில் இருந்த 'ஈ-கியர்' போன்ற சிங்கிள் கிளட்ச் கியர்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் நின்று நின்று போவது, மேட்டில் ரிவர்ஸ் எடுப்பது... இவையெல்லாம் கிளட்சைக் கரைத்துவிடும். பதமாக ஓட்டுகிறவரிடம் நீண்ட நாள் உழைக்கும் அதே கிளட்ச், பார்க்கிங்கிலேயே காலத்தைக் கழித்தவரிடம் சீக்கிரம் போய்விடும். நல்ல விஷயம், இதை ஊகிக்க வேண்டியதில்லை. டயக்னாஸ்டிக் கருவியை மாட்டினால் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

இன்னும் நல்ல உதாரணம் போர்ஷே. 911 ஜிடி3 மாதிரி கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கணக்கு வைக்கிறது. 30,000 கி.மீ-ஐ 600 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் 50 கி.மீ, வெளியூர் ஓட்டம். அதே தூரத்துக்கு 1,500 மணி நேரம் என்றால் சராசரி 20. டிராஃபிக்கில் வெந்த இன்ஜின். ஓடோமீட்டர் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

அதே கம்ப்யூட்டர், இன்ஜின் எல்லை மீறிச் சுழன்ற தருணங்களையும் ஆறு படிகளாகப் பிரித்துப் பதிவு செய்யும். கீழ்ப் படிகளில் எண்கள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ரெவ் லிமிட்டரைத் தொடும் அளவுக்கு ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். மேல் படிகளில் இருந்தால், அதிவேகத்தில் போகும்போது யாரோ தப்பான கியருக்குக் கீழே இறக்கியிருக்கிறார் என்று அர்த்தம். கடைசியாக அது நடந்தது எத்தனையாவது மணி நேரத்தில் என்பதும் இருக்கும். நல்ல டீலர்கள் இந்த ரிப்போர்ட்டைக் கேட்டதும் கொடுப்பார்கள். மழுப்பினால், அதுவே ஒரு பதில்.

செராமிக் பிரேக் டிஸ்க்குகளிலும் இப்படித்தான். கண்ணுக்குப் புதுசாகத் தெரியும். ஆனால் குறைந்தபட்ச எடை டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி எடை போட்டால் உண்மை தெரியும். ரேஸ் டிராக்கில் சில நாட்கள் செலவிட்ட 8,000 கி.மீ கார், 40,000 கி.மீ சாலைக் காரைவிட மோசமான டிஸ்க்குடன் வரலாம். ஒரு செட் மாற்றும் செலவில் இங்கே ஒரு நல்ல புது காரே வாங்கலாம்.

அந்த எண்ணே பொய்யாக இருந்தால்?

'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' என்ற 1986 ஹாலிவுட் படத்தில் ஒரு காட்சி. அப்பாவின் ஃபெராரியைத் திருட்டுத்தனமாக ஓட்டிவிட்டு, கூடிய மைல்களைக் குறைக்க காரை ஜாக்கியில் தூக்கி ரிவர்ஸில் ஓட விடுவார்கள் பசங்க. எண் குறையாது. நிஜத்தில் அவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை, லேப்டாப் போதும். அமெரிக்காவில் ஓடோமீட்டரைத் திருத்துவதை 1972-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனாலும் அங்கே ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் பொய் ஓடோமீட்டருடன் கைமாறுகின்றன என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு. இவற்றில் பெரும்பாலானவை சாதாரண கார்கள். ஆனால், சில ஆயிரம் கி.மீ குறைத்தால் லட்சக்கணக்கில் விலை ஏறும் என்றால், ஆசை எங்கே அதிகம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடும்போதே எண் ஏறாமல் தடுக்கும் 'மைலேஜ் பிளாக்கர்' கருவிகளும் விற்கின்றன. இது இன்னும் மோசம்: திருத்தினால் தடயம் இருக்கும், ஏறவே இல்லை என்றால் கண்டுபிடிப்பது கடினம்.

பிரிட்டனில் இதற்கு ஓர் எளிய காவல் உண்டு. மூன்று வயதான ஒவ்வொரு காரும் ஆண்டுதோறும் 'எம்ஓடி' சோதனைக்குப் போக வேண்டும். அப்போது ஓடோமீட்டர் எண் பதிவாகும். வண்டி நம்பர் தெரிந்தால் அந்தப் பதிவை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எண் ஒரு வருடம் பின்னோக்கிப் போனால் கதை முடிந்தது. வேறொன்றும் தெரியும்: ஐந்து வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 100 மைல் கூட ஓடாத கார், மேலே சொன்ன காய்ந்த சீல்களோடுதான் வரும்.

இப்படி ஒரு பதிவு கிடைக்காத இடத்தில் சர்வீஸ் பில்கள்தான் சாட்சி. பில்லில் இருக்கும் தேதியும் கி.மீ-யும் வரிசையாக ஏறுகிறதா பாருங்கள். சீட்டின் ஓரம், ஸ்டீயரிங் தோல், பெடல் ரப்பர் எல்லாம் 6,000 கி.மீ-க்குப் பொருந்துகின்றனவா? டயர் தேதி எண் பில்லோடு ஒத்துப்போகிறதா? 6,000 கி.மீ காருக்கு எதற்கு மூன்றாவது செட் டயர்?

விற்கப் போகிறவருக்கு

விற்கும்போது 5,000, 10,000, 20,000 என்ற முழு எண்களுக்கு முன்னால் விற்பது ஒரு பழக்கம். 9,800-க்கும் 10,200-க்கும் இன்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது. இணையத்தில் 'பத்தாயிரத்துக்குள்' என்று ஃபில்டர் போடுகிறவருக்குத் தெரியும். ஃபெராரி தன் புதிய கார்களுக்கு ஏழு வருடப் பராமரிப்புத் திட்டம் தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 20,000 கி.மீ-க்கு ஒருமுறை சர்வீஸ். ஓனர் மாறினாலும் திட்டம் காரோடு போகும். ஆறாவது வருடத்தில் விற்பவருக்கும் எட்டாவது வருடத்தில் விற்பவருக்கும் பேரத்தில் வித்தியாசம் தெரியும், கி.மீ ஒன்றாகவே இருந்தாலும்.

பெரிய சர்வீஸ் வரப்போகிறது என்பதற்காக அதற்கு முன்னால் தள்ளிவிடப் பார்க்கிறவர்கள் உண்டு. விவரம் தெரிந்த வாங்குபவர் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துத்தான் பேசுவார். பயத்துக்குக் கூடக் கொஞ்சம் சேர்த்தே கழிப்பார். சர்வீஸை முடித்து, பில்லை ஃபைலில் வைத்து, நான்கு புது டயரோடு நிற்கும் 35,000 கி.மீ கார், பேட்டரி செத்து டீலர் ஷோரூம் மூலையில் நிற்கும் 7,000 கி.மீ காரைவிடப் பல நேரம் சீக்கிரமே வேறு கைக்குப் போய்விடுகிறது.