அதே கால்கள், அதே சைக்கிள்: வீட்டுக்குள் மட்டும் வாட் குறைவது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. மண்டாய் ரோட்டின் ஏற்ற இறக்கங்களில் நண்பர்களுடன் சைக்கிளோட்டுகிறீர்கள். கைப்பிடியில் பொருத்தியிருக்கும் சிறுதிரை 200 வாட் என்று காட்டுகிறது. மூச்சு சற்று வாங்கினாலும் பக்கத்தில் வருபவருடன் பேச முடிகிறது.

செவ்வாய்க்கிழமை மாலை நல்ல மழை. அதே சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வரவேற்பறையில் இருக்கும் ‘டிரெய்னர்’ சாதனத்தில் மாட்டி மிதிக்கிறீர்கள். இலக்கு அதே 200 வாட்தான். பதினைந்தாவது நிமிடத்தில் தொடை கனக்கிறது. இருபதாவது நிமிடத்தில் இதயத்துடிப்பு ஞாயிற்றுக்கிழமை தொடாத எண்ணைத் தொடுகிறது. தரையில் வியர்வை தேங்கி நிற்கிறது. கடைசியில் 200ஐ விட்டுவிட்டு 175க்கு இறங்குகிறீர்கள்.

இரண்டே நாளில் உடல் தளர்ந்துவிட்டதா? பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இன்னும் அழுத்தி மிதிக்கிறார்கள். அது தவறு மட்டுமல்ல, நம் ஊர் வெப்பத்தில் ஆபத்தாகவும் முடியலாம். குறை உங்கள் கால்களில் இல்லை. அறைக்குள் வேறு சில காணாமல் போயிருக்கின்றன.

வீட்டுக்குள் சைக்கிளோட்டுவது இன்று வெறும் மழைநாள் மாற்று அல்ல. 2023 ஜூன் மாதம் சிங்கப்பூரின் சன்டெக் அரங்கில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில், நின்ற இடத்திலேயே மிதித்து, திரையில் தெரியும் சாலையில் போட்டியிடும் சைக்கிளோட்டமும் இடம்பெற்றது. ஆகவே உள்ளே கிடைக்கும் எண்ணுக்கும் வெளியே கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது.

வாட் எப்படிப் பிறக்கிறது?

சைக்கிளோட்டியின் திறனைச் சாலையிலேயே அளக்கும் கருவியை 1986ஆம் ஆண்டு ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர் உருவாக்கினார். பெடலை அழுத்தும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவிலிருந்து முறுக்குவிசையைக் கணக்கிடலாம். அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் திறன், அதாவது வாட், கிடைத்துவிடும்.

ஆக, வாட்டுக்குப் பெற்றோர் இருவர். ஒருவர் அழுத்தும் விசை. மற்றவர் மிதிவேகம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்பதே மிதிவேகம்; சைக்கிளோட்டிகள் இதைக் ‘கேடன்ஸ்’ என்பார்கள். 200 வாட்டை நிமிடத்துக்கு 90 சுற்றில் எட்ட, சராசரியாக 13 கிலோ எடைக்கு ஈடான விசை பெடலில் விழுந்தால் போதும். 60 சுற்றுக்கு இறங்கினால் அதே 200 வாட்டுக்கு 19 கிலோ தேவை. திரையில் எண் ஒன்றுதான், தசைக்கு வேலை வேறு.

மிதிவேகமும் இடத்துக்கு ஏற்ப மாறும். தொழில்முறை வீரர்களை ஆராய்ந்து ஸ்பானிய ஆய்வாளர்கள் 2001ல் வெளியிட்ட கட்டுரையின்படி, நீண்ட சமதளப் பந்தயங்களில் அவர்களின் சராசரி மிதிவேகம் நிமிடத்துக்கு சுமார் 89. உயரமான மலையேற்றங்களில் அது சுமார் 71. உலகத் தரம் வாய்ந்த கால்களையே சாலை இப்படி மாற்றுகிறது என்றால், டிரெய்னர் மாற்றாதா?

கைகொடுக்கும் உந்தம்

சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். உங்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து 80 கிலோ என்றால், உங்களிடம் சுமார் 2,800 ஜூல் இயக்க ஆற்றல் சேர்ந்திருக்கிறது. பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும் கணத்தில் கால்களால் நன்றாக அழுத்த முடியாது. அந்த இடைவெளியை இந்தச் சேமிப்பு நிரப்புகிறது. அடுத்த மிதிக்குப் பெடல் தானாகவே வந்து நிற்பதுபோல் தோன்றும். மணிக்கு 10 கிலோமீட்டரில் மலையேறும்போது அந்தச் சேமிப்பு ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு மிதியையும் புதிதாகத் தள்ள வேண்டியிருப்பது அதனால்தான்.

டிரெய்னரில் இந்த வேலையைச் செய்வது ஒரு கனமான சுழற்சக்கரம். சிறிய கியரில் மிதித்தால் அது மெதுவாகச் சுழலும். உணர்வு மலையேற்றம் போலிருக்கும். பெரிய கியரில் அது வேகமாகச் சுழன்று சமதளம் போன்ற உணர்வைத் தரும். ஒரே வாட்டில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

நவீன டிரெய்னர்களில் வாட்டைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. 200 என்று அமைத்துவிட்டால், உங்கள் மிதிவேகம் குறையக் குறைய இயந்திரம் எதிர்ப்பைக் கூட்டும். களைப்பில் 90 சுற்று 75 ஆகும், பெடல் கனக்கும், 75 உடனே 60 ஆகும், பெடல் மேலும் கனக்கும். கடைசியில் கால் நின்றுவிடும். இது சகிப்புத்தன்மையின் தோல்வி அல்ல, வெறும் பெருக்கல் கணக்கு. மிதிவேகம் சரியத் தொடங்கும்போதே இலக்கைச் சற்றுக் குறைத்துவிடுங்கள்.

வெளியே சைக்கிள் இடமும் வலமும் அசையும். எழுந்து நின்று மிதிக்கும்போது கைகளும் முதுகும் உதவிக்கு வரும். சட்டத்தில் இறுகப் பூட்டிய சைக்கிளில் அந்த உதவி குறைவு.

காணாமல் போன காற்று

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு காற்றுதான். நம் உடல் எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடு வரைதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது. மீதி வெப்பம். நீங்கள் 200 வாட் கொடுக்கும்போது உடலுக்குள் குறைந்தது 600 வாட் வெப்பம் உருவாகிறது. ஒரு சிறிய ரைஸ் குக்கரை வயிற்றுக்குள் இயக்குவதற்குச் சமம்.

அந்த வெப்பம் முக்கியமாக வியர்வை மூலம்தான் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 600 வாட் வெப்பம் ஒரு மணி நேரத்தில் 2,160 கிலோஜூல். அதாவது கிட்டத்தட்ட 900 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ‘ஆவியாக’ என்பதுதான் முக்கியம். தரையில் சொட்டும் வியர்வை உங்களைக் குளிர்விப்பதில்லை. அது உடல் செலவழித்து, பலன் தராமல் போன நீர்.

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அசையாத காற்றில் தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கு விரைவில் ஈரத்தால் நிறைந்துவிடும். அதன்பின் வியர்வை ஆவியாக இடமில்லை. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று அந்த அடுக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சம்பாதித்த காற்று அது. வரவேற்பறையில் அது கிடைப்பதில்லை.

கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட ஆய்வில், வெப்பமும் ஈரமும் மிகுந்த அறையில் வெவ்வேறு காற்று வேகங்களில் வீரர்களை மிதிக்கவைத்தார்கள். காற்று அறவே இல்லாதபோது உடலில் அதிக வெப்பம் தேங்கியது. சாலை வேகத்துக்கு நிகரான காற்று வீசியபோது தேக்கம் குறைந்தது.

வெப்பம் தேங்கினால் இதயத்துக்கு இரட்டை வேலை. காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். வியர்த்ததால் ரத்தத்தின் நீர் அளவும் குறைந்திருக்கும். எனவே அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மூளையே கால்களை அடக்கும்.

குற்றவாளி கூரை அல்ல என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2022 அக்டோபர் 8ஆம் தேதி இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தது சுவிட்சர்லாந்தின் கிரென்ஷனில் உள்ள உள்ளரங்கத் தடத்தில்தான். ஆனால் அங்கே அவர் நகர்ந்துகொண்டிருந்தார். மணிக்கு 57 கிலோமீட்டர் காற்றை அவரே உண்டாக்கிக்கொண்டார்.

சராசரி சொல்லாத கதை

சிலருக்கு நேர்மாறாக, உள்ளே சராசரி வாட் கூடுதலாகத் தெரியும். இதிலும் முரண்பாடு இல்லை. வெளியே சிவப்பு விளக்கிலும் இறக்கத்திலும் கால் ஓய்கிறது. 60 நிமிடத்தில் 10 நிமிடம் மிதிக்காமல், மீதி 50 நிமிடம் 180 வாட் கொடுத்திருந்தால் சராசரி 150தான். உள்ளே ஒரு மணி நேரமும் 160ல் மிதித்தால் சராசரி 160. உச்சம் குறைவு, ஆனால் ஓய்வே இல்லை. வீட்டுக்குள் ஒரு மணி நேரம் வெளியே ஒரு மணி நேரத்தைவிட நீளமாகத் தோன்றுவதற்கு இதுவும் காரணம்.

அளவுகோலும் வேறுபடலாம். பெடலில் அளக்கும் கருவிக்கும் பின்னால் அளக்கும் டிரெய்னருக்கும் இடையே சங்கிலியின் உராய்வு இருக்கிறது. சில வாட் வேறுபாடு அங்கேயே வந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே கருவியைப் பயன்படுத்தினால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

வெளியே எடுத்த எண்ணை உள்ளே சுமக்காதீர்கள். உள்ளே தனியாக ஒரு சோதனை செய்து, அதையே வீட்டுப் பயிற்சியின் இலக்காக வையுங்கள். வலுவான மின்விசிறியை மார்புக்கு நேராக வையுங்கள். குளிரூட்டி அறையைக் குளிர்விக்கும், ஈரத்தையும் குறைக்கும். ஆனால் காற்றை வேகமாக வீசாது. மின்விசிறிக்கு அது மாற்று அல்ல.

மிதிக்கும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. தலைசுற்றல், குமட்டல், குழப்பம், வெப்பத்திலும் மயிர்க்கூச்செறிதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன எல்லையை வாட்டைக் கொண்டு அல்ல, இதயத்துடிப்பைக் கொண்டே கவனிக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எளிதாக எட்டக்கூடிய ஒரு வாட்டில், ஒரே மிதிவேகத்தில், ஒரு நாள் மின்விசிறியுடனும் மறுநாள் அதே நேரத்தில் அது இல்லாமலும் 20 நிமிடம் மிதியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை உங்களைத் தோற்கடித்தது எது என்பது உங்களுக்கே விளங்கும்.